வேன் ஓடாத திங்கட்கிழமை

உங்கள் பட்டறை முதலாளி எனக்குப் பல வருடப் பழக்கம். "அண்ணே, புதுசா சேந்திருக்கிற பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்துலேருந்து ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். டர்போவை எப்படிக் கழற்றுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதைக் கைப்பேசியில் என்னைவிடத் தெளிவாகக் காட்டுகிறார்கள். புரியாவிட்டால் நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கழற்றியதைத் திரும்ப மாட்டலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் நமக்கு எதிரே ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு நாளைக் காலையில் அந்த வண்டி வேண்டும். அந்த நேரத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்லத் தெரியும்.

தோட்டத்துப் பட்டறையில் டிராக்டருக்கும் லோரிக்கும் கிரீஸ் அடித்துக் கொண்டிருந்தவன் நான். பிறகு நீலாய் பட்டணத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கேயே ஃபோர்மன் ஆகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். இப்போது சொல்லப் போவது ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. அதில் எனக்குச் சம்பளமும் இல்லை, பொறுப்பும் இல்லை. அப்படியும் என் வேலைக் காலத்தில் இருந்ததைவிட அன்றைக்குத்தான் அதிகமாக யோசித்தேன்.

பரமேஸ்வரி என்றொரு அம்மா. எல்லாரும் பரமேஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். லாபுவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு பள்ளி வேன் ஓட்டுகிறவர். தோட்டத்துப் பிள்ளைகளைக் காலையில் தமிழ்ப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் இறக்கிவிட்டு, மத்தியானம் கூட்டி வருவார். நான் வேலையில் இருந்த காலத்தில் அந்த வேன் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். எண்ணெய் மாற்ற ஒரு வாரம்கூடத் தாமதிக்க மாட்டார். வண்டிக்குள் ஒரு மிட்டாய்த் தாள் கிடக்காது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, வேனுக்குள்ள புகை நாத்தம் வருது. ஏர்கோன்லேருந்து வருதுன்னு நெனச்சு ரெண்டு நாளா ஜன்னலைத் திறந்து விட்டுக்கிட்டு ஓட்டினேன். நேத்து பின்சீட்டுல உக்காந்த பொண்ணு தலை வலிக்குதுன்னு சொல்லுச்சு. இவரு கீழ படுத்துப் பாத்தாரு. டர்போ ஹவுசிங் வெடிச்சிருக்காம்."

இவர் என்பது அவருடைய கணவர் குணசேகரன், குணா. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. கெட்டிக்காரர். வேனின் சில்லறை வேலைகளை அவரே பார்த்துக்கொள்வார்.

டர்போ பற்றித் தெரியாதவர்கள் உங்களில் இருந்தால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஓர் இரும்புக் கூட்டுக்குள் புகுந்து அங்கே ஒரு சின்ன விசிறியைச் சுற்றிவிடும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். அந்தச் சூடான பக்கத்துக் கூட்டைத்தான் ஹவுசிங் என்கிறோம். அதில் வெடிப்பு விட்டால் புகை எக்சாஸ்ட் குழாயில் போகாமல் வண்டிக்குக் கீழேயே கசியும். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு அது ஆகவே ஆகாது.

"அவரே மாத்திருவேன்னு சொல்றாரு. புது ஹவுசிங்கும் வாங்கிட்டாரு. நாளைக்கு வீட்டுலேயே செய்யப் போறாரு. திங்கக்கிழமை அஞ்சாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை தொடங்குது அண்ணே, என் வேன்ல பரீட்சை எழுதுற பிள்ளைங்க இருக்காங்க. நீங்க சும்மா அந்தப் பக்கம் வந்த மாதிரி வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்."

நான் சொன்னேன்: "சும்மா வந்த மாதிரி வர மாட்டேன்மா. குணாகிட்டச் சொல்லு. அவன் கூப்பிட்டா வர்றேன்."

ஒருவர் கை வைத்திருக்கிற வேலைக்குள் அவருக்குத் தெரியாமல் நுழையக் கூடாது. நாம் எதைச் சொன்னாலும் அப்புறம் அவருக்கு அது குற்றம் சொல்வது போலவே கேட்கும். அரை மணி நேரத்தில் குணாவே கூப்பிட்டார்.

"அண்ணே, பரமேஸ் சொன்னா. வாங்க. நாற்காலி போட்டுத் தர்றேன், உக்காந்து பாத்துக்கிட்டு இருங்க. வேலையை நான் பாத்துக்கிறேன்."

"சரிலா" என்றேன். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது குணா ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தார். வீட்டுக்கு முன்னால் ஜிங்க் தகரம் போட்ட போர்ச். வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள். தரையில் பழைய அட்டைப் பெட்டியை விரித்து அதன் மேல் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். கழற்றிய போல்ட்டுகள் எல்லாம் பிஸ்கட் டின் மூடிகளில், எது எங்கிருந்து வந்தது என்று மார்க்கர் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழாயைக் கழற்றும் முன்பும் படம் எடுத்திருந்தார். நான் ஃபோர்மனாக இருந்தபோது இப்படிச் செய்ய வைக்க எத்தனையோ பேரிடம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

பத்து மணிக்கெல்லாம் டர்போ மேசை மேல் இருந்தது. ஹவுசிங்கில் வெடிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரு முடி போன்ற கோடு, அதைச் சுற்றிலும் கரி. பின்சீட்டுப் பெண்ணின் தலைவலி அந்தக் கோட்டிலிருந்துதான் வந்தது. பரமேஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வேலை நகரவில்லை. பழைய ஹவுசிங், விசிறியும் தண்டும் இருக்கிற நடுப் பாகத்தோடு துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று தலையோடு முறிந்தது. குணா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். "தெமியாங்ல எனக்குத் தெரிஞ்ச சீன நண்பர் ஒருத்தர் இருக்காரு. போல்ட் வியாபாரம், ஞாயித்துக்கிழமைன்னாலும் வீட்டுல சாமான் வச்சிருப்பாரு. மாத்து போல்ட் எடுத்துக்கிட்டு, கேஸ் டார்ச்சும் வாங்கிட்டு வர்றேன். சூடு காட்டினா விட்டுரும். அதுவரைக்கும் துரு இளக்குற எண்ணெயில ஊறட்டும்."

"எதையாச்சும் வச்சு நெம்பிப் பாக்கலாமா அண்ணே?"

"நெம்பினா கூடு கோணலாத்தான் வரும். உள்ள விசிறி இருக்கு. அதுல இடிச்சிரும். ஊறட்டும்."

"சரி" என்றார். அவர் அப்போது மனதார ஒத்துக்கொண்டுதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

நான் கிளம்பிய பிறகு நடந்ததை எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். பரீட்சை எழுதும் பெண் ஒருத்தியின் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். போர்ச்சில் டர்போ மேசை மேல் கிடப்பதையும், வேனின் வயிறு திறந்து கிடப்பதையும் பார்த்திருக்கிறார்.

"என்னாம்மா இது? நாளைக்கு வேன் ஓடுமா ஓடாதா? ஓடாதுன்னா இப்பவே சொல்லிருங்க. எம்மவ அஞ்சு வருஷம் படிச்சது நாளைக்குப் பரீட்சையிலதான் இருக்கு."

பரமேஸ் வாசலில் நின்று, "ஓடும்ணே. நீங்க கவலைப்படாமப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். குணா மேசைக்குப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தெமியாங்கில் நண்பர் போல்ட்டைத் தேடி எடுக்க நேரமாகிவிட்டது. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் போர்ச்சுக்குள் நுழைந்தபோது குணா சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார். பழைய ஹவுசிங் தனியாகக் கழன்று அட்டையின் மேல் கிடந்தது.

"கழண்டிருச்சு அண்ணே."

எனக்கும் சந்தோஷம்தான். கேஸ் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றினேன். கைவிளக்கை எடுத்து அடித்துப் பார்த்தேன். ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் வெளிச்சம் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஓர் இதழில் மட்டும் தடுக்கியது. திரும்பச் சுற்றினேன். அதே இடத்தில் திரும்பவும் தடுக்கியது. இதழின் நுனி ஒரு நொய்யரிசி அளவுக்கு மடங்கியிருந்தது.

கைவிளக்கை குணாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு மனமில்லாமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து பரமேஸ் மூன்று குவளைகளில் கோப்பி கொண்டு வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டை மேசையில் வைத்தார்.

"என்னா ஆச்சு?"

"விசிறியில ஓர் இதழ் மடங்கியிருக்கும்மா" என்றேன்.

"பழசா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எனக்கு உரிமையில்லாத ஒரு வேலையை நான் செய்ததாக ஆகியிருக்கும். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குணா கைவிளக்கை அணைத்தார்.

"நான்தான்" என்றார். "அண்ணே வேணாம்னு சொன்னாரு. நான்தான் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன்."

பரமேஸ் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப மாட்டினா ஓடுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். 'ஓடும்' என்று சொன்னால் அந்த நிமிடத்தில் எல்லாருக்கும் மூச்சு வரும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படிச் சொல்லிவிட ஆசை வந்தது. மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. கடைகள் பூட்டிக் கிடந்தன. விசிறியோடு வருகிற அந்த நடுப் பாகம் வாங்க வேண்டுமென்றால் திங்கட்கிழமைதான் ஆர்டரே கொடுக்க முடியும். இதழில் மடங்கியிருந்ததோ நொய்யரிசி அளவு.

"ஓடலாம்" என்றேன். "ஆனா எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது. அந்த விசிறி நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்துல சுத்தும். ஓர் இதழ் கோணலா இருந்தா தண்டு ஆடும். ஆடினா ஆயில் சீல் போயிரும். சீல் போனா ஆயில் இன்ஜினுக்குள்ள இறங்கும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சிட்டு ஓடும். சாவியை எடுத்தாலும் நிக்காது."

குணா நிமிர்ந்தார். "அது எப்பவாச்சும் நடக்கிறதுலா அண்ணே."

"எப்பவாச்சும்தான். நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன்."

அதை அவர்களுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். தோட்டத்துப் பட்டறையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த நேரம். செம்பனைப் பழம் ஏற்றுகிற லோரி ஒன்று முற்றத்தில் நின்றபடியே அலறத் தொடங்கியது. டிரைவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே குதித்துவிட்டார். இன்ஜின் ஓட்டம் ஏறிக்கொண்டே போனது, வெள்ளைப் புகை முற்றத்தையே மூடிவிட்டது. நாங்களெல்லாம் பின்வாங்கினோம். எங்கள் ஃபோர்மன் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு அந்தப் புகைக்குள் போனார். காற்று உள்ளே போகிற குழாயைக் கழற்றி, அதன் வாயில் பலகையை வைத்து உடம்போடு சாய்ந்து அழுத்தினார். இன்ஜின் மூச்சுத் திணறி நின்றது. அதன் பிறகு அவர் பட்டறை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். குவளையைத் தரையில் வைத்துவிட்டார், அன்றைக்கு முழுக்க அந்த லோரிப் பக்கமே போகவில்லை. பயமே இல்லாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர் அவர்.

"அன்னைக்கு லோரிக்குள்ள யாரும் இல்ல" என்றேன். "இப்ப நடக்கும்னு நான் சொல்லல. நடக்காதுன்னும் என்னால சொல்ல முடியல."

குணா மேசையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். "பள்ளிக்கூடம் இங்கேருந்து எவ்வளவு தூரம்? பொறுமையா ஓட்டினா டர்போவுக்கு வேலையே இருக்காது. நாளைக்கு ஒரு நாள். பரீட்சை எழுதுற பிள்ளைங்களை இறக்கிட்டு வண்டியை நிறுத்திரலாம். அப்புறம் புதுசு வர்ற வரைக்கும் தொட வேணாம்."

அவர் சொன்னதில் அறிவில்லாமல் இல்லை. நாம் தவறுகிற இடம் அதுதான். முட்டாள்தனமான பேச்சை யாரும் மறுத்துவிடலாம். பாதி சரியாக இருக்கிற பேச்சுக்குத்தான் நம் கை தானாகவே ஸ்பேனரை எடுக்கும்.

"வண்டி உங்களுது" என்றேன். "ஆனா இதை என் கையால மாட்ட மாட்டேன், குணா."

"நீங்க மாட்ட வேணாம் அண்ணே. நான் மாட்டிக்கிறேன். ரிஸ்க் என்னோடது."

பரமேஸ் அதுவரை குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தலையைத் தூக்கினார். குரலை உயர்த்தவில்லை.

"எப்படி உங்களோடதாகும்? பின்னால உக்காரப் போறது நீங்களா?"

பரமேஸ் எழுந்தார். யாரும் குடிக்காத கோப்பியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் குடை இருந்தது, தோளில் கைப்பை.

"வேன் நாளைக்கு ஓடாது. நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"மழை விடட்டுமே" என்றார் குணா.

"ஓடும்னு சொன்னது நான். மழை விடுற வரைக்கும் அவங்க அதை நம்பிக்கிட்டு இருக்கணுமா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் போர்ச்சில் நின்றோம்.

நான் அப்போதே வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது, அதாவது இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் 'முடியாது' என்று சொல்லிவிட்டு உடனே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் ஒரு வேலையை நிறுத்தினால், நிறுத்தியதால் வருகிற சங்கடத்தில் கொஞ்ச நேரம் கூட நிற்க வேண்டும். ஆயில் குழாய்களின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்தோம். எக்சாஸ்ட் வாயை பிளாஸ்டிக் பையால் கட்டினோம். டர்போவைத் துணியில் சுற்றி ஒரு வாளிக்குள் வைத்தோம். கடைசியில் குணா படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"அவ 'ஓடும்'னு அந்த ஆள்கிட்டச் சொன்னதைக் கேட்டேன் அண்ணே. அவ சொன்னது பொய்யாயிரக் கூடாதுன்னுதான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பந்தாவுக்கு இல்ல."

பந்தாவுக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். "இதை எங்கிட்ட ஏன் சொல்றே?" என்றேன். "அவகிட்டச் சொல்லு."

"எப்படிச் சொல்றது? சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். அப்படியும் சொல்லு."

பரமேஸ் இருட்டும் நேரத்தில் திரும்பினார். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்து சேறாகியிருந்தது. முதலில் போனது அந்த மோட்டார்காரர் வீட்டுக்காம். அவர் வாசலிலேயே நிற்க வைத்துக் கத்தியிருக்கிறார். அந்தப் பெண்தான் வெளியே வந்து, "அப்பா, விடுங்கப்பா" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாளாம். பிறகு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் காடியில் பரீட்சைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியம்மா வழக்கமாகப் போகிற நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிச் சிலரைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். மீதிப் பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"நான் காலையில லீவு போட்டுர்றேன்" என்றார் குணா. "நம்ம சின்னக் காடியில ரெண்டு தடவை அடிச்சா சரியாயிரும்."

பரமேஸ் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நானும் கிளம்பினேன்.

திங்கட்கிழமை நன்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். பரீட்சைப் பிள்ளைகள் நேரத்துக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளில் சிலர் தாமதமாகப் போனார்கள். முதல் வகுப்புப் பையன் ஒருவன் சபைகூடல் முடிந்த பிறகு தனியாக உள்ளே போக மாட்டேன் என்று பள்ளிக் கேட்டுக்கு வெளியே நின்று அழுதானாம். குணா அவன் கையைப் பிடித்து வகுப்புவரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்த வாரமே இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்த மோட்டார்காரர். அவருடைய சின்ன மகனும் பரமேஸ் வேனில்தான் போய்க்கொண்டிருந்தான். அவர்கள் திரும்பி வரவேயில்லை.

அந்த வாரத்தின் நடுவில் புது நடுப் பாகம் வந்தது. குணா கூப்பிட்டார், போனேன். இந்தத் தடவை நான் உண்மையாகவே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். புது ஹவுசிங்கை மாட்டும்போது அவர் இரண்டு கைகளாலும் அதை நேராகத் தாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். விசிறியைச் சுற்றிப் பார்த்தார். திரும்பவும் சுற்றிப் பார்த்தார். இன்ஜினைக் கிளப்பும் முன் டர்போவுக்குள் ஆயில் ஏறுகிறவரை பொறுத்திருந்தார்.

வண்டி ஓடத் தொடங்கியதும் பரமேஸ் வந்து டிரைவர் சீட்டில் ஏறினார். "நீங்க பின்னால போய் உக்காருங்க" என்று கணவரிடம் சொன்னார். குணா கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். எல்லா ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு, செம்பனைக்கு நடுவே போகிற ரோட்டில் பெரிய ரோடுவரை போய்த் திரும்பினார்கள். அவர்கள் திரும்பி வர நேரம் ஆனது. இறங்கும்போது இரண்டு பேர் முகமும் இளகியிருந்தது. அந்த வாரத்தில் நான் அவர்களை அப்படிப் பார்த்தது அப்போதுதான். வண்டிக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்தக் கதையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையைச் செய்து முடித்தால் அதற்குச் சாட்சியாக வண்டி ஓடும். தவறாகச் செய்தால் அதற்கும் சாட்சியாக வண்டி நிற்கும். செய்யாமல் நிறுத்தியதற்கு மட்டும் சாட்சியே கிடையாது. மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களால் எவருக்கும் காட்ட முடியாது. உங்களுக்கு நீங்களேகூடக் காட்டிக்கொள்ள முடியாது. ஆனால் நஷ்டம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்: தாமதமாகப் போன பிள்ளை, கத்திய அப்பா, வராமல் போன வாடிக்கை. அதைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சில முதலாளிகள் புரிந்துகொள்வார்கள், சிலர் மாட்டார்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பரமேஸ் வேன் பிள்ளைகளை சி ரூசா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வருடா வருடம் செய்வதாம். என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தார். மீகூன் பொட்டலம், தர்பூசணி, பெரிய தெர்மாஸில் மைலோ. பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குணாவும் நானும் மர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம்.

அவர் கடலைப் பார்த்தபடியே கேட்டார்:

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு மாட்டியிருந்தா ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்கலாம்" என்றேன்.

"அந்த ஒரு நாள் மட்டும்?"

"ஒரு நாள் ஓடியிருக்கலாம். ஒரு மாசம்கூட ஓடியிருக்கலாம். எனக்குத் தெரியாதுலா குணா."

"அப்ப அந்த ரெண்டு வீடும் நம்மகூடவே இருந்திருப்பாங்க."

"இருந்திருப்பாங்க."

வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

தண்ணீர் ஓரமாக நின்ற பரமேஸ் கூப்பிட்டார். "ஏங்க, அலை பெருசா வருது. சின்னதுங்களை மேல கூட்டிட்டு வாங்க."

குணா எழுந்து பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.